காய்ந்த சொம்பு

ஜூன் 2, ஞாயிறு

இருமல் மருந்துப் புட்டியின் மூடியால் அளப்பது என்று இன்று காலை முடிவாயிற்று. இதுவரை கண்ணால் பார்த்து 'கொஞ்சம்', 'பரவாயில்லை', 'அடடா' என்று மூன்றே அளவைகள் புழக்கத்தில் இருந்தன. இனி மில்லிலிட்டர். முன்மொழிந்தவர் மெக்கானிக் நாச்சிமுத்து. வழிமொழிந்தவர் மாவு மில் தேவசகாயம். போத்தனூர் இரட்டையரில் ஒருவர் ஆதரித்தார். மற்றவர் வாயில் தேங்காய் பன் இருந்ததால் அவர் கருத்து பதிவாகவில்லை. மூடியை பேக்கரிக்காரர் வெந்நீரில் கழுவிக் கொடுத்தார். நாடுகள் தசம முறைக்கு மாறியபோதுகூட இவ்வளவு அமைதி நிலவியிருக்காது.

விஷயம் இதுதான். தடாகம் சாலை பேக்கரி வாசலில் ஞாயிறுதோறும் நான்கு கார்கள் கூடுகின்றன. நான்குக்கும் சூப்பர்சார்ஜர் மாட்டியவர் நாச்சிமுத்து. என்ஜினின் பெல்ட்டில் சுற்றிக்கொண்டு அதற்குள் காற்றைத் திணிக்கும் கருவி அது. திணித்தால் வேகம் வரும். கூடவே வம்பும் வரும். பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் புகை நழுவி என்ஜினின் வயிற்றுக்குள் இறங்கும். அதை வெளியே விடாவிட்டால் வயிறு உப்பும். விட்டால் எண்ணெய் ஆவியையும் இழுத்துக்கொண்டு வரும். எனவே ஒரு ரப்பர் குழாய் போட்டு அலுமினிய டப்பா ஒன்றுக்குள் விடுகிறோம். எண்ணெய் டப்பாவில் தங்கிவிடும், காற்று போய்விடும். டப்பாவுக்கு உலகத்தில் வேறு பெயர் உண்டு. எங்களிடம் அது சொம்பு. சொம்பில் எண்ணெய் குறைவாக இருந்தால் என்ஜின் திடமாக இருக்கிறது என்று பொருள். திடமான என்ஜினின் சொந்தக்காரர் அன்றைக்கு டீயை நிதானமாகக் குடிப்பார்.

30ஆம் தேதி ஊருக்கு வெளியே கார்ப் பந்தய ஓடுதளத்தில் விழா. ஒரு பட்டறைக்கு ஒரு கார். அதில் மெக்கானிக் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வருவார். பதினொரு வருடத்தில் நான்கு முறை நடந்திருக்கிறது. நான்கு முறையும் நாச்சிமுத்து என் வண்டியில்தான் ஏறினார். அப்போது அவரிடம் வேறு வண்டி இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"இந்தத் தடவ யாருதுங்கறது 23ஆம் தேதி சொம்பப் பாத்துச் சொல்றனுங்க," என்றார் நாச்சிமுத்து. "அது வரைக்கும் எல்லாம் ஒத்திகைதான்."

ஒத்திகை முடிவுகள்: நான் 28. தேவசகாயம் 22. இரட்டையர் 19. டாக்டர் மாதங்கி 9.

டாக்டர் மாதங்கி மார்ச்சில் வந்தவர். மயக்க மருந்து நிபுணர்.

ஜூன் 3, திங்கள்

அலுவலகம். குனியமுத்தூர்க்காரர் ஒருவர் காரின் மேல் தேங்காய் விழுந்ததாகக் காப்பீடு கேட்டிருக்கிறார். எப்போது விழுந்தது என்று கேட்டேன். மூன்று மணி பதினேழு நிமிடம் என்றார். இருபத்து நாலு வருடமாக மோட்டார் சர்வேயராக இருக்கிறேன். பொய் சொல்பவர்களுக்குத்தான் நிமிடம் தெரியும். உண்மை பேசுகிறவர்கள் 'மத்தியானம் இருக்குமுங்க' என்பார்கள். நிராகரித்தேன்.

ஜூன் 5, புதன்

ஷெட்டுக்கு எதேச்சையாகப் போனேன். அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில், ஆறு கிலோமீட்டர் சுற்றினால், ஷெட் இருக்கிறது.

நாச்சிமுத்துவின் ஷெட்டில் கூரைக்குக் கீழே ஒரே ஒரு கார்தான் நிற்கும். அதற்கு உள் ஷெட் என்று பெயர். மற்றவை வெளியே புங்க மரத்தடியில். என் வண்டி உள் ஷெட்டில் நிற்பது வழக்கம். இன்று அங்கே டாக்டரின் வண்டி நின்றது. நாச்சிமுத்து குனிந்து அதன் என்ஜினில் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அது அவர் என் வண்டிக்குச் செய்வது.

"வாங்க சர்வேயர் சார். அம்மிணி ஒண்ணு சொல்லுச்சு, கேளுங்க. என்ஜினுக்கும் மூச்சுத்தானாமா. வாற மூச்சு, போற மூச்சு. திணிக்கறது பெருசில்ல, வெளிய விடறதுதான் சூட்சுமமாமா."

"இதை நான் நாலு வருஷம் முன்னாடி சொன்னேன்," என்றேன்.

"சொல்லீருப்பீங்க. நீங்க சொன்னா புத்தகத்துல இருக்கற மாதிரி இருக்குமுங்க. அம்மிணி சொன்னா வெளங்குது."

பதினொரு வருடமாக நான் 'சர்வேயர் சார்'. மூன்றே மாதத்தில் டாக்டர் 'அம்மிணி'. இதைப் பதிவுக்காக மட்டும் குறிக்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

மனைவி கோகிலா கேட்டாள்: "ஏனுங்க, நாலு நாளா அந்த டாக்டரு, அந்த டாக்டருன்னு ஒரே பேச்சா இருக்குது. வயசென்ன இருக்கும் அதுக்கு?"

முப்பத்தைந்து இருக்கலாம் என்றேன்.

"ஓ," என்றாள். இரவு ரசம் இல்லை.

ஜூன் 8, சனி

ஷெட்டுக்குப் போகவில்லை. வேலை.

சனிக்கிழமை மாலைகளில் கோகிலா பழைய பிளாஸ்கில் டீ ஊற்றித் தருவாள். நானும் நாச்சிமுத்துவும் ஷெட்டில் உட்கார்ந்து குடிப்போம். பதினொரு வருடத்தில் இது நான் தவறவிடும் மூன்றாவது சனி. முதல் இரண்டும் காய்ச்சல். என் நகைச்சுவைக்குச் சிரிக்கிற ஒரே மனிதர் நாச்சிமுத்து. பாதி புரியாது அவருக்கு. அது சிரிப்பின் தரத்தைப் பாதிப்பதில்லை.

ஜூன் 9, ஞாயிறு

நாச்சிமுத்து ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். மூடியை டாக்டரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அதாவது, அளக்கும் அதிகாரத்தை.

அளவுக்கு முன்பே ஒரு ஊழல் வெளிப்பட்டது. போத்தனூர் இரட்டையரில் ஒருவர் வரும் வழியிலேயே சொம்பைக் கொட்டியிருக்கிறார். மற்றவர் காட்டிக்கொடுத்தார். இனி அளந்து முடித்ததும் சொம்பு மூடிக்குக் கம்பி முறுக்கி ஈயம் வைத்து, மின்சார மீட்டருக்கு வைப்பது போல் சீல் வைப்பது என்று முடிவு. டாக்டரே வைத்தார். கை நடுங்கவில்லை. தொழில் அப்படி.

நான் 31. டாக்டர் 8.

கிளம்பும்போது அவர் மாத்திரை போடும் காகித உறை ஒன்றை நீட்டினார். "சார், இது உங்க வண்டிக்கு. ஒரு வழி வால்வு. உங்களோடது கசியுது போல. வேகமா போறப்ப சார்ஜர் காத்தே திரும்பி என்ஜின் வயித்துக்குள்ள போகுது. அதனாலதான் எண்ணெய் இவ்வளவு. நாச்சிண்ணா..."

"தேவைன்னா நானே கேட்டு வாங்கிக்குவேன், டாக்டர்," என்றேன். ஆனாலும் மரியாதை கருதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். பிரிக்கவில்லை. நோயாளி அல்லாதவன் மருந்துச் சீட்டைப் படிக்க வேண்டியதில்லை.

ஜூன் 11, செவ்வாய்

வீட்டு மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை. பிளம்பர் வந்தார். அடி வால்வு போய்விட்டது, அதனால்தான் ஏறின தண்ணீரெல்லாம் திரும்பி இறங்குகிறது என்றார். எதைப் பார்த்தாலும் வால்வு என்கிறார்கள்.

ஜூன் 14, வெள்ளி

சாரல். ஷெட் பக்கம் எதேச்சை. உள் ஷெட்டில் இன்னும் அதே வண்டி. நான் இறங்கவில்லை. மழையில் என் வண்டியின் என்ஜின் சத்தம் நாச்சிமுத்துவுக்குக் கேட்டிருக்க வேண்டும். வெளியே வந்து பார்க்கவில்லை.

ஜூன் 15, சனி

மாலை 4.25 முதல் 5.10 வரை மொட்டை மாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நாலு துண்டு எடுக்க முக்கா மணி நேரமா?" என்றாள் கோகிலா.

சாரல் என்பதால் கவனமாக எடுத்தேன் என்று விளக்கினேன். ஷெட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

வேறு விசேஷம் இல்லை. ஒரு சர்வேயராக ஒன்றை மட்டும் குறித்து வைக்கிறேன். சீல் வைத்திருப்பது சொம்பின் மூடிக்கு. என்ஜினிலிருந்து சொம்புக்கு வரும் குழாயின் மறுமுனைக்கு யாரும் சீல் வைக்கவில்லை. முறையான ஏற்பாடு அல்ல.

ஜூன் 16, ஞாயிறு

நான் 0.

டாக்டர் 8.

நாச்சிமுத்து சீலைப் பார்த்தார். வெட்டினார். சொம்பைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, 31 இருந்துச்சு. ஒரே வாரத்துல பொட்டுக்கூட இல்லீங்களே."

"நிதானமா ஓட்டினேன்."

"சும்மா நிறுத்தி வெச்சிருந்தாக்கூட ரெண்டு சொட்டு வருமுங்க. செத்தவனுக்குத்தான் சுத்தமா மூச்சு வராது."

தேவசகாயம் கை குலுக்கினார். இரட்டையர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் டீயை வைத்துவிட்டு என் பக்கம் வந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. தூங்கறவங்க மூச்சை எண்ணிட்டு உட்கார்ந்திருக்கறதுதான் என் வேலை. திரையில பூஜ்யம் வந்தா எங்க இடத்துல யாரும் கை குலுக்க மாட்டாங்க. ஓடி வருவாங்க. வால்வு மாட்டினதுக்கு அப்புறம்தான் இப்படியா?"

பொறாமை மனிதர்களை எப்படியெல்லாம் பேசவைக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது. டீயை நிதானமாகக் குடித்தேன்.

ஜூன் 17, திங்கள்

கோகிலா பிளாஸ்கின் தக்கையைத் தேடுகிறாள். தொலைந்துவிடக் கூடாதென்று அதன் தலையில் நீல நூல் கட்டி வைத்திருந்தாளாம். எலி கொண்டுபோயிருக்கும் என்றேன்.

"எலி, சீவிச் சீவித் தக்கைத் தூள மொட்ட மாடியில கொட்டீட்டுப் போகுமா?"

இந்தக் காலத்து எலிகளைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது.

ஜூன் 18, செவ்வாய்

எண்ணெய் பார்க்கும் கம்பி ஒரு விரற்கடை மேலே எழும்பி நின்றது. அழுத்திவிட்டேன். போர்ட்டிகோவில் கார் நின்ற இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எண்ணெய். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை இங்கே திருப்புகிறார். சொல்லிவைக்க வேண்டும்.

ஜூன் 19, புதன்

அப்பளம் அளவு.

ஜூன் 20, வியாழன்

நாச்சிமுத்து தொலைபேசியில் அழைத்தார். அவராகவே. மார்ச்சுக்குப் பிறகு முதல் முறை.

"ஞாயித்துக்கெழம நானே உங்க வண்டில உக்காந்து வாறனுங்க. ஆனைகட்டி ரோட்டு ஏத்தத்துல ஒரு மிதி மிதிச்சுப் பாத்துட்டு வந்து சொம்ப அளப்போம். பூஜ்யம் எப்படி வருதுன்னு நானும் கத்துக்கோணுமில்ல."

"தாராளமா," என்றேன்.

"ரெண்டு சனிக்கெழமையா டீ கொண்டாரல நீங்க."

வேலை என்றேன். சரீங்க என்றார்.

மாலை பக்கத்து இருக்கைக்குப் புது உறை வாங்கினேன். பழுப்பு நிறம். கிரீஸ் தெரியாது.

ஜூன் 21, வெள்ளி

தோசை. கீழே செய்தித்தாள் விரித்தேன்.

ஜூன் 22, சனி

குழாயைக் கழற்றிப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. எதற்காகக் கழற்ற வேண்டும்? கழற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. மேலும் நாளை 31 வந்தால் போன வாரப் பூஜ்யத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு மனிதனின் வாழ்க்கையில் தொடர்ச்சி முக்கியம்.

இரவு சரியாகத் தூங்கினேன். 10.40 முதல் 5.35 வரை.

ஜூன் 23, ஞாயிறு

நாச்சிமுத்து கைகளைக் கழுவி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். புது உறையைத் தடவிப் பார்த்தார். "எனக்கா இதெல்லாம்," என்றார். பின்னால் டாக்டரின் வண்டி, அதற்குப் பின்னால் மற்றவர்கள்.

கணுவாய் தாண்டினோம். அவர் உள்ளங்கையை டேஷ்போர்டில் வைத்து, மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பவர் போல, அதிர்வைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏற்றம் தொடங்கியது.

"இப்ப மிதிங்க."

மிதித்தேன். சார்ஜர் ஊளையிட்டது. மலை எங்களை நோக்கி வந்தது. நாச்சிமுத்து சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். "தம் இருக்குதுங்க சார் உங்க வண்டிக்கு, இன்னும் மிதிங்க," என்றார். இன்னும் மிதித்தேன். பதினொரு வருடத்தில் நான்கு விழாக்களிலும் அவர் இப்படிச் சிரித்ததில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சாலையைப் பார்த்திருக்க வேண்டும்.

சோடாப் புட்டி உடைப்பது போல் ஒரு சத்தம். எண்ணெய்க் கம்பி பாய்ந்து பானெட்டின் உள்பக்கத்தில் இடித்தது. அடுத்து கீழேயிருந்து அமுங்கலாக ஒரு சத்தம். வெள்ளைப் புகை. என்ஜின் கத்தியது, கார் நகரவில்லை. பின்பக்க எண்ணெய் சீல், அதாவது ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையம், பிய்ந்து, எண்ணெய் முழுக்க கிளட்சில் கொட்டியிருந்தது. ஓரமாக உருட்டி நிறுத்தினேன்.

டாக்டர் தன் வண்டியிலிருந்து தீயணைப்பானை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். சொன்னபடியே, ஓடி. தேவைப்படவில்லை.

நாச்சிமுத்து வெளுத்த சட்டையோடு பானெட்டுக்குள் குனிந்து, சொம்புக்குப் போகும் குழாயைக் கழற்றினார். ஊதிப் பார்த்தார். போகவில்லை. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார். உள்ளங்கையில் ஒரு தக்கை விழுந்தது. சுற்றிலும் சீவப்பட்டிருந்தது. தலையில் நீல நூல்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரட்டையர் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்ணா அது?" என்றார் ஒருவர்.

"ஒண்ணுமில்ல, போங்க அந்தப் பக்கம்," என்று கையை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நம்ம பிளாஸ்க்குத் தக்கையுங்க," என்றார்.

நம்ம என்றார்.

நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் இறங்கியிருந்தது.

"அந்த வால்வு மாத்தியிருந்தீங்களா சார்?" என்று டாக்டர் கேட்டார். இழுப்பறையில் இருக்கிறது என்றேன். அவர் நாச்சிமுத்துவைப் பார்த்தார். நாச்சிமுத்து தக்கையை என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, கயிறு எடுக்கப் போனார்.

டாக்டர் 8.

ஜூன் 24, திங்கள்

பழக்கம் காரணமாக ஒரு மதிப்பீட்டு அறிக்கை எழுதிப் பார்த்தேன். சேதம்: பின்பக்க எண்ணெய் சீல், கிளட்ச் தட்டு. காரணம்: காற்றோட்டப் பாதையில் அந்நியப் பொருள், கூடவே கசியும் வால்வு. பொருள் அங்கே வந்த விதம்: தெரியவில்லை. வந்த நேரம்: 4.25 முதல் 5.10க்குள்.

படித்துப் பார்த்தேன். நிராகரித்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

மேசை இழுப்பறையில் ரப்பர் ஸ்டாம்ப் தேடியபோது காகித உறை கையில் பட்டது. பிரித்தேன். உள்ளே வால்வு. அதைச் சுற்றி ஒரு துண்டுச் சீட்டு. பென்சில் எழுத்து, கிரீஸ் பெருவிரல் ரேகை. 8ஆம் தேதியிட்டது.

'சார் வண்டிக்கு. அம்மிணியோட அண்ணன்கிட்டச் சொல்லி மலேசியாவுலருந்து வரவெச்சது. ஊதிப் பாத்துட்டேன், ஒரு பக்கந்தான் போகுது. இன்னிக்கு வருவீங்கன்னு பாத்தேன். அடுத்த சனிக்கெழம வாங்க, அம்மிணி வண்டிய வெளிய தள்ளிட்டு உங்களுத உள்ள விட்டு மாட்டிப்போடலாம். 30ஆந் தேதி நம்முளுதுதான். நாச்சி.'

அடுத்த சனி என்பது 15.

வால்வை ஊதிப் பார்த்தேன். ஒரு பக்கம்தான் போகிறது.

ஜூன் 26, புதன்

தக்கையைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டேன். கோகிலா எடுத்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

பிறகு, "அப்ப டாக்டரு மேல இல்லையா?" என்றாள்.

எது, என்றேன்.

"ஒண்ணுமில்ல," என்றாள். இரவு ரசம் இருந்தது.

ஜூன் 28, வெள்ளி

நாச்சிமுத்துவை அழைத்தேன். எடுக்கவில்லை. டாக்டர் எடுத்தார். நாச்சிண்ணா காருக்குக் கீழே படுத்திருக்கிறார், என்ன சொல்ல வேண்டும் என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வர வேண்டும், என் வண்டி புங்க மரத்தடியில்தான் நிற்கிறது, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது, கவலை வேண்டாம் என்றார். உதவி செய்வதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

ஜூன் 30, ஞாயிறு

டாக்டர் வீட்டுக்கே வந்து அழைத்தார். அவர் வண்டியில் பின் இருக்கை கழற்றப்பட்டிருந்ததால் ஒருவருக்குத்தான் இடம். கோகிலா ஏறிக்கொண்டாள். நான் டவுன் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் இருவரும் வெகுநாள் பழகியவர்கள் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் குறட்டையைப் பற்றி என்று தெரிந்தது. தூக்கத்தில் நான் எவ்வளவு நேரம் மூச்சை அடக்குகிறேன் என்று டாக்டர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து வெளுத்த சட்டை போட்டிருந்தார். அதன் வலது கையில் ஒரு எண்ணெய்க் கறை போகவில்லை. என்னைப் பார்த்ததும், "வாங்க சர்வேயர் சார்," என்றார். பிறகு டாக்டரின் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆறு சுற்று. நான் நிழற்குடைக்குக் கீழே நின்று பார்த்தேன். வெயில் முன்கண்ணாடியில் பட்டதால் உள்ளே அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை.

கோகிலா எல்லோருக்குமாகப் பழைய பிளாஸ்கில் டீ கொண்டு வந்திருந்தாள். தக்கை மெலிந்துபோயிருந்ததால், அவர்கள் இறங்கி வருவதற்குள் டீ ஆறிவிட்டிருந்தது.